எந்த ரிவால்வர் உங்களோடு வர வேண்டும்?

கேள்வி: ஐயா, எனக்கு 66 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதிலிருந்து பொம்மை ரிவால்வர்கள் சேர்த்து வருகிறேன். எல்லாம் கேப் (வெடிமருந்து வைத்த சின்னப் பொட்டு) வைத்துச் சுடுகிற வகை. இப்போது வீட்டை விற்றுவிட்டு ஈப்போவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். "ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள்" என்கிறார் மனைவி. மூன்றில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. ஒன்று, அப்பா தீபாவளிக்கு வாங்கித் தந்த 'லோன் ஸ்டார்' என்ற இங்கிலாந்து மார்க் பொம்மை. அதன் கைப்பிடி உடைந்தபோது அப்பா பால்மரத்துப் பாலை ஊற்றி ஒட்டினார். பாட்டிக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஏசுவார், ஏனென்று கடைசிவரை சொல்லவில்லை. இரண்டாவது, அட்டைப்பெட்டியோடு கிடைத்த, அமெரிக்காவின் ஹப்ளி கம்பெனி செய்த 'கோல்ட் 45'. நல்ல விலை போகும். மூன்றாவது, போலீஸ் ரிவால்வர் மாதிரியே இருக்கும் முழுக் கறுப்பு. பார்ப்பவர்கள் நிஜம் என்றே நினைப்பார்கள். எதை வைத்துக்கொள்ளலாம்?

— சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: அப்பா வாங்கித் தந்த லோன் ஸ்டாரை வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஹப்ளியைப் பற்றி எழுதும்போது பெட்டியையும் விலையையும் சொல்கிறீர்கள். கறுப்பைப் பற்றி எழுதும்போது பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்கிறீர்கள். லோன் ஸ்டாரைப் பற்றி எழுதும்போதுதான் அப்பாவும் பாட்டியும் வருகிறார்கள். இங்கிலாந்தில் வார்ப்பு அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து உலகமெங்கும் அனுப்பிய பொம்மை அது, அபூர்வமான பொருள் கிடையாது. ஆனால் பால் ஊற்றி ஒட்டிய கைப்பிடியோடு இருப்பது உங்களிடம் இருக்கும் அந்த ஒன்றுதான்.

பாட்டி ஏன் ஏசினார் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எந்தக் காலத்தைப் பார்த்தவர் என்று யோசித்துப் பாருங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் உங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்டத்து லயங்களைச் (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றி முள்வேலி போட்டார்கள். கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்கள் அரிசி, சோறு எதையும் வெளியே கொண்டுபோகாதபடி வாசலில் சோதனை போட்டார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நேரு அரசாங்கம் உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. நம் ஆள் ஒருவரின் உயிரை ஒரு ரிவால்வர் கொண்டுபோன செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியிருக்கும். அந்தத் தலைமுறைப் பெண்மணி, பேரன் கையில் வெள்ளியாய்ப் பளபளக்கும் ஒன்றைப் பார்த்தால் ஏசாமல் என்ன செய்வார்? அப்பா அதைத் தெரிந்தே வாங்கித் தந்திருக்கிறார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முள்வேலிக் காலம் முடிந்து வளர்கிற பிள்ளை, மற்ற பிள்ளைகளைப் போலத் தீபாவளிக்கு விளையாடட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு பேருடைய மனசும் ஏறியிருக்கிற பொருளை விட்டுவிட்டு வேறு எதை எடுத்துப் போவீர்கள்?

ஹப்ளியைக் குறைத்துச் சொல்லவில்லை. இயந்திரம் என்று பார்த்தால் மூன்றிலும் அதுதான் உயர்ந்தது. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய விஷயமே, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் உருளையும் ஒரு அறை திரும்பி நிற்கும் என்பதுதான். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் ரிவால்வரும் அதே முறையில் வேலை செய்தது. கவ்பாய் படங்களில் நாம் பார்த்தது அதைத்தான். சுருள் கேப் போடுகிற பொம்மைகளில் பெரும்பாலும் உருளை வெறும் அலங்காரம். சுத்தியல் அசைய அசைய உள்ளே காகிதச் சுருள்தான் நகரும். உங்கள் ஹப்ளியில் உருளை நிஜமாகவே சுற்றும், ஆறு பொம்மைத் தோட்டாக்களைத் தனித்தனியாகக் கழற்றலாம். அதன் அருமை தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் பெட்டியோடு கொடுங்கள். பெட்டியைப் பிரித்துவிட்டால் விலை பாதியாகப் பேசுவார்கள்.

அப்புறம், லோன் ஸ்டாரை எப்படிப் பார்த்துக்கொள்வது. அதைக் கிளம்புவதற்கு முன்பே கவனியுங்கள். மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் பொம்மைகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வார்ப்பில் ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால், நம் ஊர் ஈரத்தில் வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, மெல்லிய விரிசலும் சின்னக் கொப்புளமுமாக வெளியே தெரியும். அது வந்துவிட்டால் மாற்ற வழியில்லை. அழுத்தாமல், கீழே போடாமல் வைத்திருந்தால் இன்னும் நீண்ட நாள் இருக்கும்.

அடுத்து, சுத்தியல் வந்து மோதுகிற இடத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் பூத்திருக்கும். கேப்பில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் வெடித்த பிறகு விடுகிற கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உலோகத்தைத் தின்னும். தீபாவளி முடிந்து அப்படியே டப்பாவில் போட்ட துப்பாக்கிகளெல்லாம் இப்படித்தான் கெட்டுப்போயின. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சுத்தியல் அசையும் அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். பித்தளைக்குப் போடும் பாலிஷைத் தொடவே வேண்டாம். மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு மிக மெல்லியது, போனால் போனதுதான். தோல் உறையிலும் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைக் கறையாக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி வைத்தால் போதும்.

கைப்பிடியில் அப்பா ஒட்டிய அந்தப் பழுப்புக் கோட்டை மட்டும் தொடாதீர்கள். பால்மரத்துப் பால் இயற்கை ரப்பர்; எண்ணெய் பட்டால் ஊறிப் பிசுபிசுத்து விட்டுவிடும். வெயில் பட்டால் காய்ந்து உதிரும். யாராவது சூப்பர் குளூ போட்டு ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேரனைப் பற்றி. மிச்சத்தையெல்லாம் அவனிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். அதைவிடப் பெரிய காரணம், நிஜம்போல் தெரிகிற ஒன்றைப் பையன் அடுக்குமாடி நடைபாதையில் தூக்கிக்கொண்டு ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது. அமெரிக்காவில் 1988இல் சட்டம் கொண்டுவந்து பொம்மைத் துப்பாக்கியின் குழல் நுனிக்கு ஆரஞ்சு நிறம் கட்டாயமாக்கினார்கள். உங்களிடம் இருக்கும் பழைய துப்பாக்கிகளில் அது இருக்க வாய்ப்பில்லை.

இனி அந்தக் கறுப்பு ரிவால்வர். ஒரு காலத்தில் நம் போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 மாதிரியே இருக்கும் என்று நினைக்கிறேன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 36ஆம் பிரிவின்படி போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். கேப்தானே, பொம்மைதானே என்பது உங்களுக்குத் தெரியும், சோதனை போடுகிறவருக்குத் தெரியாது. சுங்கை சிப்புட் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு முதலில் போன் செய்யுங்கள். விஷயத்தைச் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பையில் போட்டுக்கொண்டு நேராகக் கவுன்டருக்குப் போய் வெளியே எடுக்கிற வேலை வேண்டாம். மற்றவற்றையும் போனில் படமெடுத்து வைத்து, அன்றைக்கே காட்டிக் கேட்டுவிடுங்கள். ஹப்ளியை விற்பதும் லோன் ஸ்டாரை ஈப்போவுக்குக் கொண்டுபோவதும் அவர்கள் பதிலைக் கேட்ட பிறகு இருக்கட்டும். சாமான் ஏற்ற லாரி வருவதற்குள் இதை முடித்துவிடுங்கள், ஐயா.