யென்ஸ் என்னும் யோவான்

அன்புள்ள ஐயா,

நேட்டோவின் முன்னாள் பொதுச்செயலாளர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க்கின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், அது ஹரால்டு, ஒலாவ் போல வைக்கிங் காலத்துப் பெயர் என்றே எண்ணியிருந்தேன். அது எபிரேயப் பெயர் என்கிறார் நண்பர். உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் சொன்னது சரி. நீங்கள் எண்ணிய வகைப் பெயர் அவருடைய தந்தைக்குத்தான் இருந்தது. நார்வேயின் வெளியுறவு அமைச்சராக இருந்த தோர்வால்டு ஸ்டோல்டன்பர்க்கின் பெயரில் தோர் என்ற பழைய தெய்வமே இருக்கிறது.

மகனின் பெயர் வேறு வழியில் வந்தது. 'யெகோவா அருளினார்' எனப் பொருள்படும் யோகனான் என்ற எபிரேயப் பெயர், கிரேக்கமும் இலத்தீனும் கடந்து யோகன்னஸ் என்றாகி, திருச்சபையோடு வடநாடுகளுக்குள் நுழைந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் பொருளைப் பற்றிக்கொண்டு யோவானை அருளப்பர் என்றார்கள். வடநாட்டவர் பொருளை விட்டுவிட்டு ஒலியைத் தம் நாவுக்கேற்பத் தேய்த்துக்கொண்டார்கள். அப்படித் தேய்ந்ததில் முன்பகுதி உதிர்ந்து ஹான்ஸ் பிறந்தது. நடுப்பகுதி சுருங்கி டென்மார்க்கில் யென்ஸ், சுவீடனில் யோன்ஸ் என்றானது. ஐஸ்லாந்தில் யோன் என்ற ஓரசையே எஞ்சியது. பின்லாந்தினர் யுஹானி, யுஸ்ஸி, ஹன்னு என மூன்று நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் 'ஜான்' இழந்துவிட்ட எபிரேய யகரம் இவற்றுள் ஹான்ஸ், ஹன்னு நீங்கலாக எல்லாவற்றிலும் நிலைத்திருப்பது எனக்குப் பிடித்தமான செய்தி. தனிமங்களுக்கு இன்று நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகளை வகுத்த சுவீடன் வேதியியலாளர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியசின் (1779–1848) இரு பெயர்களுமே எபிரேய வேர் கொண்டவை.

இப்பெயர் எவ்வளவு பரவியது என்பதைக் குடும்பப் பெயர்களில் காணலாம். தந்தை பெயரோடு 'மகன்' என்று சேர்த்து அழைக்கும் வழக்கம் இருந்த நாட்டில், 1828-இல் டென்மார்க் அரசு நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என ஆணையிட்டது. மாறிக்கொண்டிருந்த தந்தை பெயர்கள் காலப்போக்கில் அப்படியே உறைந்துபோயின. இன்று டென்மார்க்கில் யென்சன், நார்வேயில் ஹான்சன், சுவீடனில் யோஹான்சன் ஆகியவை மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் அடங்கும். ஐஸ்லாந்தில் மட்டும் யோனின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர் என்ற பழைய முறை இன்றும் நீடிக்கிறது.

ஜூன் 23 இரவு டென்மார்க்கினர் தீ மூட்டிக் கொண்டாடும் திருமுழுக்கு யோவான் விழாவின் பெயர் 'சாங்க்ட் ஹான்ஸ்'. 1481 முதல் 1513 வரை அவர்களை ஆண்ட அரசர் பெயரும் ஹான்ஸ். சுவீடனின் கதை இன்னும் சுவையானது. 1810-இல் அந்நாடு பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்த பிரெஞ்சுத் தளபதி ழான் பெர்னடோட், உள்ளூர்ப் பெயராகக் கார்ல் யோஹான் என்பதை ஏற்றார். ழானும் யோஹானும் ஒரே பெயர்தான்.