வெந்நீரில் முக்கிய மாங்காயிலும் புழு வருவது ஏன்?

கேள்வி: பறித்த செந்தூரா காய்களை 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்த பிறகே பழுக்க வைத்தோம். தோலில் கரும்புள்ளி விழவில்லை. ஆனால் அறுத்தால் உள்ளே புழு. பழ ஈயிடம் வெந்நீர் பலிக்காதா?
– பர்கூர் வாசகர்

பலிக்கும். நீங்கள் செய்தது கரும்புள்ளி அழுகலுக்கான வைத்தியம். அந்தப் பூசணம் தோலிலேயே தங்குவது, தோல் சூடானால் போதும். பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் புழு சதையைக் குடைந்து உள்ளே போய்விடும். அவ்வளவு ஆழம் வரை சூடு இறங்கப் பத்து நிமிடம் போதவே போதாது.

நம் ஏற்றுமதியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு 48 டிகிரி, 60 நிமிடம். பழ ஈயைக் காரணம் காட்டித்தான் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டு விலக்கியது.

தோட்டத்திலேயே செய்வதென்றால், 200 லிட்டர் டிரம்மில் 160 லிட்டர் தண்ணீருக்கு 16 கிலோ காய். அதற்கு மேல் போடாதீர்கள். இந்த அளவிலேயே காய் இழுக்கும் சூட்டால் தண்ணீர் ஒன்றரை டிகிரி வரை இறங்கும், காற்றில் போகும் சூடு தனி. பக்கத்தில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். காய் மேல் நேராக விழாமல் ஓரமாக ஊற்றித் துழாவுங்கள். கை வைத்துப் பார்ப்பதெல்லாம் உதவாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை மேலும் அடியிலும் விட்டுப் பாருங்கள். காய் போட்டபின் தண்ணீர் மறுபடி 48-ஐத் தொட்ட நிமிடத்திலிருந்துதான் 60 நிமிடம் எண்ண வேண்டும்.

முதலில் காம்புப் பாலைக் கழுவிவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் காய் முற்றாதது. எடுத்துவிடுங்கள், சூட்டில் அதன் காம்போரம் குழி விழும், சதையும் சரியாகப் பழுக்காது. மூழ்கும் காய்கள் மேலெழாதபடி வலைப்பையில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருத்துங்கள். இவ்வளவு நேரம் ஊறும்போது 50-ஐத் தாண்டினால் தோல் வெந்து பழுப்பேறும். 46-க்கு இறங்கினால் 60 நிமிடம் போதாது, புழு பிழைத்துக்கொள்ளும்.

எடுத்த கையோடு பச்சைத் தண்ணீரில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே மிஞ்சியிருக்கும் சூடுதான் கடைசிப் புழுவையும் முடிக்கிறது. அரை மணி நேரம் நிழலில் விட்டு, பிறகு குளிர வையுங்கள். பறித்த அன்றே இதைச் செய்ய வேண்டும். நாள் கடந்தால் புழு செத்தாலும் அது குடைந்த சதை அழுகத்தான் செய்யும்.

கேள்வி: இமாம் பசந்த், மல்கோவாவுக்கும் இதே நேரம்தானா?
– சேலம் வாசகர்

இல்லை, கனமான காய்க்கு நேரம் கூடும். மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போகும் மாம்பழத்துக்கு 46.1 டிகிரியில், உருண்டை ரகம் 500 கிராம் வரை 75 நிமிடம், 700 வரை 90, 900 வரை 110 என்று விதி இருக்கிறது. பெரிய காயையும் சிறிய காயையும் ஒன்றாகப் போட்டு முக்காதீர்கள்.

கேள்வி: நீலத்தில் கொட்டைக்குள் வண்டு இருக்கிறது. வெந்நீர் உதவுமா?
– நத்தம் வாசகர்

உதவாது. மாங்கொட்டை வண்டு பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடுகிறது. புழு கொட்டைக்குள் போன வழியும் காய் வளர வளர மூடிக்கொள்கிறது. சதை கெடவில்லையென்றால் அந்தப் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். அறுவடைக்குப் பிறகு செய்யக்கூடியது ஒன்றுதான்: உதிர்ந்த காயையும் தின்று போட்ட கொட்டையையும் பொறுக்கி எரித்துவிடுவது. தோட்டத்தில் விட்டால் வெளிவரும் வண்டு மரப்பட்டை இடுக்கில் பதுங்கி, அடுத்த பூப்பருவத்துக்குக் காத்திருக்கும்.

கேள்வி: பழ ஈயைக் கவர்ந்து பிடிக்கத் தோட்டத்தில் மாட்டும் மெத்தில் யூஜினால் பொறியைப் பழ அறையில் தொங்கவிடலாமா?
– பழனி வாசகர்

வேண்டாம். அதற்கு வந்து விழுவது ஆண் ஈ, காயைத் துளைப்பது பெண் ஈ. தோட்டத்தில் ஆணைக் குறைத்தால் இனப்பெருக்கம் குறையும். அறைக்குள் அந்தப் பயன் இல்லை. வெந்நீரில் முக்கிய காயையும் ஈ மறுபடி துளைக்கும் என்பதால், சன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலை அடியுங்கள். வெடித்த பழத்தைச் சுற்றும் பொடி ஈக்கள் வேறு இனம். அழுகலை அன்றன்றே அகற்றினால் அவை தங்காது.