சோதனைக்கூடம் இல்லாத கல்லூரியில் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மாடலிங் மட்டும் செய்து பிஎச்.டி. வாங்கினால் மதிப்பு இருக்குமா?

இருக்கும், நீங்களே வாய்க்காலில் இறங்கி அளக்கத் தயார் என்றால்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் சின்ன ஊர்க் கல்லூரி, பம்பு ஓடாத லேப், கையில் ஒரு லேப்டாப், "கலர் படம் போட்டே டாக்டர் பட்டமா" என்று துறையில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். இன்றைக்கும் அது ஆறவில்லை.

எனக்கு ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாயிலிருந்து, எங்கள் பக்கம் புது ஆறு என்போம், பிரிகிற 8 கிலோமீட்டர் கிளை வாய்க்கால்தான் என் ஆய்வு. திரவ ஓட்டத்தை முழுசாகச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் இல்லை, அவற்றை ஆழவாக்கில் சராசரியெடுத்த இருபரிமாணச் சமன்பாடுகள். கணக்குக்காக வாய்க்காலைப் பிரித்த வலைக் கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு, ஒரு நேரப்படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டக்கூடாது என்கிற கூரண்ட் எண்ணுக்காக நேரப்படியும் பாதியாகும், ஆக மொத்த வேலை 8 மடங்கு. ஒரு ஓட்டத்துக்கு மூன்று ராத்திரி. சாயந்திரம் லேபைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவார்கள் என்பதால் வீட்டில்தான் ஓட்டினேன். வலையை நெருக்கியும் விடை மாறவில்லை, உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போனதும் சரியாக நேர்பட்டது. மதகில் திறந்த தண்ணீர் ஐந்து மணி நேரத்தில் கடைமடைக்குப் போகும் என்றது கணக்கு.

அதை வாய்க்கால் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அண்ணனிடம் காட்டினேன். "மறுநாள் மத்தியானம் ஆகும் தம்பி" என்றார். அப்படியே ஆனது.

சமன்பாட்டைச் சரியாகத்தான் தீர்த்திருந்தேன், கணக்குக்குக் கொடுத்த வாய்க்கால்தான் தப்பு. வாய்க்காலின் சொரசொரப்பைச் சொல்லும் மேன்னிங் எண்ணைப் புத்தகத்தைப் பார்த்து 0.025 என்று போட்டிருந்தேன், அது சுத்தமான மண் வாய்க்காலுக்கு. எங்கள் வாய்க்காலில் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் கரைக்குக் கரை நிற்கின்றன, சில இடத்தில் 0.08 வரை ஏற்ற வேண்டியிருந்தது. காய்ந்த படுகை முதல் தண்ணீரைக் குடிப்பதை நான் சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஐந்து இடத்தில் பெயின்ட் அடித்த அளவுகோல் நட்டேன். தேங்காய் நெற்றை மிதக்கவிட்டு வேகம் எடுத்தேன் (மேல்மட்ட வேகத்தை ஏறக்குறைய 0.85ஆல் பெருக்க வேண்டும்). விட்டு விட்டுத் தண்ணீர் திறக்கும் நம் ஊர் முறைப்பாசனம் இதற்கு ஒரு வரம். ஒரு முறைத் தண்ணீரை வைத்து எண்களைச் சரிசெய்து, அடுத்த முறைத் தண்ணீரில் எதையும் தொடாமல் ஒப்பிட்டேன், நீர்மட்டம் 6 செ.மீ.க்குள் வந்தது. டர்புலன்ஸ் (நீர்ச்சுழல்) ஆய்வு செய்பவர்கள் இதெல்லாம் மாடலிங்கா என்று கேட்கலாம். வாய்க்காலில் எனக்குத் தேவைப்பட்டது நீர்மட்டமும் நேரமும்தான், சுழலை ஆராய்கிறவருக்கு வேறு கருவி, நான் மறுக்கவில்லை.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தூர்வாருகிற வேலையை ஏன் தண்ணீர் திறக்கிற சமயத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்? எங்கள் வாய்க்காலில் ஒரு வருஷம் பொக்லைன் பாதி தூரம் போவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள். என் சித்தப்பாவின் வயல் அந்த மீதியில் இருக்கிறது, நாற்று கருகியதை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, உங்கள் விஷயம். மேட்டூர் ஜூன் 12 திறப்பதாக இருந்தால் மே மாதமே படுகையின் குறுக்குவெட்டை அளந்து, அளவுகோலையும் நட்டுவிடுங்கள். தண்ணீர் வந்தபிறகு படுகை தெரியாது. லஸ்கரிடம் ஷட்டர் திறக்கும் நேரத்தைக் குறித்துத் தரக் கேளுங்கள், தருவார்.