இரண்டு நாள் வகுப்பு முடித்துவிட்டுக் குதிரைக்கு மசாஜ் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறேன், வயது 38. மசாஜில் லெவல் 3 டிப்ளமோ முடித்து ஆறு வருடமாக ஆட்களுக்குச் செய்து வருகிறேன். மகள் சவாரி பழகும் லாயத்தில், "குதிரைகளுக்கும் செய்வீர்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டே நாளில் குதிரை மசாஜ் சொல்லித்தந்து 'அங்கீகாரம் பெற்ற' சான்றிதழும் தருகிற வகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதில் சேர்ந்தால் இரண்டையும் தொழிலாகச் செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யலாம். நானே அப்படித்தான் பிழைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளை நம்பி இறங்காதீர்கள்.

இந்த நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதர் முதுகை நீவிவிடச் சட்டப்படி பட்டம் எதுவும் தேவையில்லை. மசாஜ் தெரப்பிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பிசியோதெரப்பிஸ்ட், ஆஸ்டியோபாத், கைரோபிராக்டர் ஆகிய பெயர்களைத்தான் பதிவு பெறாதவர் போட்டுக்கொள்ள முடியாது. குதிரை என்று வந்தால் கதை தலைகீழ். 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, விலங்கின் நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை தருவதும் கால்நடை மருத்துவரின் வேலை. கையால் செய்கிற சிகிச்சைக்கு 2015ஆம் ஆண்டின் விலக்கு ஆணை ஒரு வழி விட்டிருக்கிறது. ஆனால் டாக்டர் அந்தக் குதிரையைப் பார்த்து, செய்யலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான குதிரைக்குப் பராமரிப்பாக மசாஜ் செய்வதைக் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ராயல் காலேஜ் ஏற்றுக்கொள்கிறது. ஏதாவது மாறுதல் தெரிந்தால் அந்த நிமிடமே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். அக்குபஞ்சர் ஊசியை குதிரை மேல் யோசிக்கவே வேண்டாம், அது டாக்டர்களுக்கு மட்டும்.

ஆக, சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் வலியுள்ள குதிரையைத் தொட அனுமதி அதிலிருந்து வருவதில்லை, டாக்டரிடமிருந்துதான் வருகிறது. உங்களை நம்பி அனுப்பலாமா என்று அவர் முடிவு செய்யும்போதுதான், எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம் படித்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும்.

'அங்கீகாரம்' என்ற சொல்லில் மயங்காதீர்கள். யார் கொடுத்தது என்று கேளுங்கள். ஆஃப்குவால் என்ற அரசுத் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் உள்ள தகுதி வேறு, பணம் கட்டி முத்திரை வாங்கிய குறுகிய வகுப்பு வேறு. அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'வெட்னரி பிசியோதெரப்பிஸ்ட்' என்ற பெயருக்கே இங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் மனிதப் பக்கத்தைப் பலப்படுத்துவேன். லெவல் 4 விளையாட்டு மசாஜ் படியுங்கள். குதிரைப் படிப்புகளில் தரமானவை சில, மனிதத் தகுதியை முன்கூட்டியே கேட்கும். சி.என்.ஹெச்.சி. என்ற தன்னார்வப் பதிவேட்டில் சேர்ந்துகொள்வதும் நல்லது, கட்டாயமில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஓடுகிற, பல குதிரைகளை நீங்களே கையாண்டு பதிவேடு எழுதித் தர வேண்டிய ஒரு குதிரைப் படிப்பு. முழு பிசியோவாகவே ஆக வேண்டுமானால் பாதை இன்னும் நீளம். அதில் ஒரு வழி: முதலில் மனித பிசியோதெரபி பட்டம், பிறகு விலங்குகளுக்கான மேற்படிப்பு.

ஏன் இவ்வளவு காலம்? உங்கள் கை பழகிய உடம்பு இது இல்லை. லாயத்தில் குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று காட்டுவார்களே, அது உண்மையில் நம் மணிக்கட்டு. நம் முழங்காலுக்கு இணையான மூட்டு பின்னங்காலின் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. இரண்டு முன்கால்களுக்கும் நடுவே அந்த நெஞ்சுக்கூட்டைத் தூளி மாதிரி தாங்கிப் பிடிப்பது வெறும் தசையும் நாரும்தான். அந்த 'முழங்காலுக்கு'க் கீழே பிசைவதற்குத் தசையே இல்லை, தசைநாண்தான் ஓடுகிறது. அங்கே சூடோ வீக்கமோ கைக்குத் தட்டினால் நம் வேலை அத்தோடு முடிந்தது.

நான் தொழில் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை, "பின்பக்கம் இறுகிக் கிடக்கிறது, கொஞ்சம் நீவிவிட முடியுமா?" என்று ஒரு பெண்மணி கூப்பிட்டார். போனால், செம்பழுப்புப் பெண்குதிரை, ஓர் அடி எடுத்து வைக்க மறுத்து நிற்கிறது. பின்தொடையில் உள்ளங்கையை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. பனிக்காலக் காலை, ஆனால் விலாவில் வியர்வை வழிகிறது. ஞாயிறு முழுக்க லாயத்தில் ஓய்வு, தானியத்தை மட்டும் குறைக்கவில்லை, திங்கள் காலை எடுத்தவுடன் வேக ஓட்டம். வண்டிக் குதிரைகள் இருந்த காலத்தில் இதற்குத் 'திங்கட்கிழமைக் காலை நோய்' என்றே பெயர். தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிற கோளாறு இது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகமும் கெட்டுவிடலாம். நீவக் கூடாது, நடத்தவும் கூடாது. கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். காசு வாங்காமல் திரும்பி வந்தேன். அன்று வந்த டாக்டர்தான் பிறகு எனக்கு முதல் குதிரையை அனுப்பினார்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சிவந்து வருகிற ஆளை நீங்கள் மேஜையில் படுக்க வைப்பீர்களா? ரத்தக்கட்டாக இருக்கலாம் என்று மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள். குதிரையிலும் அந்த உஷார் வர வேண்டும், அது இரண்டு நாளில் வராது.

இன்னொன்று, குதிரை வாயைத் திறந்து "வலிக்குது" என்று சொல்லாது. முதுகெலும்பின் ஓரமாக விரலை ஓட்டும்போது காது பின்னால் படிகிறதா, வால் விசிறுகிறதா, உடம்பை நகர்த்திக்கொள்கிறதா என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இளகத் தொடங்கினால் தலை மெல்லத் தாழும், கீழுதடு தொங்கும், சில குதிரைகள் வரிசையாகக் கொட்டாவி விடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கொட்டாவி அலுப்பதில்லை.

இரண்டு தொழிலும் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. குதிரையின் ஒரு பக்க முதுகு மறுபடி மறுபடி இறுகினால் நான் ஓட்டுபவரைச் சேணத்தில் உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவரை மேஜைக்குக் கூட்டிவந்தால் குதிரைக்கு நான் செய்ய வேண்டிய வேலை பாதி குறையும். சேணம் சரியாகப் பொருந்தவில்லை என்றால் மட்டும் யாரை நீவியும் பயனில்லை, சேணம் பொருத்துபவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது உங்களிடம் இருக்கும் காப்பீடு குதிரைக்குச் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு என்று எழுத்தில் இருக்கிற பாலிசி கையில் வரும்வரை, மகளின் லாயத்தில் இலவசமாகக்கூட எந்தக் குதிரையிலும் கை வைக்காதீர்கள். ஆட்களை விட்டுவிடவும் வேண்டாம். மழைக்காலச் சேற்றில் பண்ணை பண்ணையாக வண்டி ஓட்டுகிற தொழில் இது, வீட்டு வாடகை பல மாதங்களுக்கு மனித முதுகுகளிலிருந்துதான் வரும்.

அப்புறம், டெட்டனஸ் ஊசி எல்லாத் தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குதிரைச் சாணத்தில் அந்தக் கிருமி சர்வசாதாரணம். முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் ஒன்றும் வாங்குங்கள். மிதிப்பது 500 கிலோ.