சான் சபா வெள்ளிச் சுரங்கமும் உங்கள் கையிலுள்ள பழைய வரைபடமும்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசிக்கிறேன். 1840 வாக்கில் அச்சானதாகத் தோன்றும் டெக்சாஸ் வரைபடம் ஒன்றின் நகல் எனக்குக் கிடைத்திருக்கிறது. சான் சபா ஆற்றின் மேற்பகுதியில், பழைய ஸ்பானியக் கோட்டைக்கு அருகே, அதில் ‘வெள்ளிச் சுரங்கம்’ என்று குறித்திருக்கிறார்கள். ஜிம் போவி தேடிப்போன, தொலைந்துபோன சுரங்கம் இதுதானா? வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் தோண்டலாமா?

பதில்: உங்கள் வரைபடத்தில் அந்தச் சொற்கள் எழுதப்பட்டிருக்கும் இடத்துக்கும், அந்தச் சொற்கள் பிறக்கக் காரணமான குழிக்கும் இடையே ஏறத்தாழ 70 மைல் தூரம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வரைபடத்தை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும், தவறான இடத்தில் எழுதப்பட்ட பெயர் சரியான இடத்துக்கு நகர்ந்துவிடாது. பழைய வரைபடத்தைக் கையில் எடுப்பவர் ‘இது எந்த இடம்?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இதை எழுதியவருக்கு இந்தச் செய்தி யார் வழியாக வந்தது?’ என்று கேட்க வேண்டும்.

அந்தச் செய்தியின் வேர் 1756-இல் இருக்கிறது. அப்போது ஸ்பானிய டெக்சாஸின் துணை ஆளுநராக இருந்த பெர்னார்தோ தே மிராண்டா, பிப்ரவரி மாதத்தில் சான் அந்தோனியோவிலிருந்து ஒரு சிறு படையுடன் புறப்பட்டு, லானோ ஆற்றுப் பகுதியிலுள்ள ‘செரோ தெல் அல்மாக்ரே’ என்ற குன்றை அடைந்தார். அல்மாக்ரே என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செங்காவி என்று பொருள். அந்தக் குன்றில் உள்ள கனிமம் டெக்சாஸ் மாகாணத்தின் குடிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சுரங்கம் கொடுக்கப் போதுமானது என்று அவர் உறுதிபட எழுதினார். அவர் கொண்டுபோன தாது மாதிரியோ வெறும் மூன்று பவுண்டு. மெக்சிகோ நகரில் அதைச் சோதித்துப் பார்த்த சுரங்க வல்லுநர், இவ்வளவு சிறிய மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, இன்னும் பெருமளவு தாது வேண்டும் என்றார். குன்றைப் பற்றிய பெரிய சொல்லும் மூன்று பவுண்டு கல்லும் அருகருகே நிற்கும் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்து வரைபடங்களில் நிலைத்தது அந்தப் பெரிய சொல்தான்.

அடுத்த ஆண்டு, 1757-இல், சான் சபா ஆற்றங்கரையில், இன்றைய மெனார்டு ஊருக்கு அருகே, ஒரு மிஷனும் (கிறித்தவ மதப்பணி நிலையம்) அதற்குக் காவலாக ஒரு கோட்டையும் எழுந்தன. மிஷன் 1758 மார்ச் 16 அன்று கோமாஞ்சிப் பழங்குடியினரும் அவர்களுடைய கூட்டாளிகளும் நடத்திய தாக்குதலில் எரிந்தழிந்தது. கோட்டையும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதன் கற்சுவர்கள் மட்டும் நின்றன. பின்னால் வந்தவர்கள், இத்தனை தொலைவில் இவ்வளவு பெரிய கோட்டையை ஸ்பானியர் கட்டியிருக்கிறார்கள் என்றால் அருகே வெள்ளி இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்கள். லானோ பகுதியின் குழி, மேற்கே உள்ள கோட்டைக்குக் குடிபெயர்ந்த கதை இதுதான். 1831 நவம்பரில் ஜேம்ஸ் போவியும் (நீங்கள் சொல்லும் ஜிம் போவி) அவருடைய அண்ணனும் ஒரு சிறு குழுவுடன் சான் சபா நோக்கிப் போய், வழியில் தாக்கப்பட்டு, சுரங்கத்தைக் காணாமலே திரும்பினார்கள். 1836-இல் சான் அந்தோனியோவின் அலாமோ கோட்டைப் போரில் போவி இறந்த பிறகு, அவர் கண்டுபிடித்த இரகசியம் அவரோடு போய்விட்டது என்ற நம்பிக்கை பரவியது. ‘போவியின் சுரங்கம்’ என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். அச்சிட்டவர்கள் பெரும்பாலும் அந்த நிலத்தில் கால் வைக்காதவர்கள். தங்களுக்கு முந்தைய வரைபடத்தைப் பார்த்துச் செதுக்கியவர்கள். ஆகவே உங்கள் வரைபடத்துக்கு 10, 20 ஆண்டு முந்தையவற்றையும் பிந்தையவற்றையும் பக்கத்தில் வைத்து, அந்தச் சொற்கள் முதன்முதலில் எதில் வருகின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி இடம் மாறுகின்றன என்று பாருங்கள். பத்து வரைபடங்களில் ஒரே குறிப்பு இருப்பது பத்துச் சாட்சிகள் சொன்னதற்குச் சமமாகாது. ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் பார்த்து எழுதியதாகவே அது பெரும்பாலும் முடியும். இந்த ஒப்பீட்டுக்கு உங்களைப்போல் ஆஸ்டினில் இருப்பவருக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் இல்லை. மாநில நில அலுவலகத்தின் வரைபடக் காப்பகமும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலுள்ள, ஸ்பானிய ஆட்சிக்கால ஆவணங்கள் அடங்கிய பேஹார் ஆவணத் தொகுப்பும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

பிறகு அந்த எழுத்துகளை உருப்பெருக்கியின் கீழ் வையுங்கள். உங்கள் வரைபடத்தின் அளவுகோல் ஓர் அங்குலத்துக்கு 25 மைல் என்று கொண்டால், காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் கிட்டத்தட்ட ஒரு மைல். ‘வெள்ளிச் சுரங்கம்’ என்ற சொற்கள் ஒன்றரைச் சென்டிமீட்டர் நீண்டிருந்தால், அவை 15 மைல் நீளத்தை மூடிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றோடு புள்ளியோ சிறு சுத்தியல் குறியோ இருக்கிறதா, அல்லது ஆற்றின் வளைவில் காலியாக இருந்த இடத்தில் எழுத்துகளை மட்டும் அடுக்கியிருக்கிறார்களா? புள்ளி இல்லையென்றால், செதுக்கியவருக்கே இடம் தெரியாது என்று கொள்ளலாம்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும் வேலையைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். இரண்டிலும் ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய எட்டுப் பத்து இடங்களையாவது இணைக்க வேண்டும். ஆறுகள் கூடும் இடங்கள் பொதுவாக நல்லவை என்றாலும், கொலராடோ ஆற்றில் ஒரு பொறி இருக்கிறது. லானோ ஆறு கொலராடோவில் கலக்கும் இடம் இன்று அணையால் உண்டான ஏரிக்குள் இருக்கிறது. ஆகவே அணைகளுக்கு முந்தைய, 1880-களிலிருந்து கிடைக்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடங்களை இடையில் ஒரு படியாக வைத்துக்கொள்ளுங்கள். அவை இணையத்தில் இலவசம். பொருத்தி முடித்ததும் மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு பிழை என்று காட்டும். அந்த எண்ணைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். படம் அழகாக ஒட்டிக்கொண்டதுபோல் கண்ணுக்குத் தெரிவதை நம்பக்கூடாது. பெரும்பாலும் வடக்கு தெற்கில் பிழை குறைவாகவும் கிழக்கு மேற்கில் மிகுதியாகவும் இருக்கும். சூரியனை வைத்து அட்சரேகையை அறிவது எளிது. தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். ஓரத்திலுள்ள தீர்க்கரேகை எண்களையும் கவனியுங்கள். அக்கால அமெரிக்க வரைபடங்கள் பல கிரீனிச்சிலிருந்து எண்ணாமல் வாஷிங்டனிலிருந்து எண்ணின; இரண்டுக்கும் ஏறத்தாழ 77 பாகை வேறுபாடு.

என் அனுபவத்தில், வரைபடத்தைவிடப் பயணக் குறிப்பு பல மடங்கு பயன் தருகிறது. மிராண்டாவின் அறிக்கை எந்த ஆற்றைக் கடந்தார், எந்தத் திசையில் எத்தனை லெகுவா போனார் என்று சொல்கிறது. லெகுவாவும் வாராவும் பழைய ஸ்பானிய நீள அளவுகள். ஒரு லெகுவா 5,000 வாரா. டெக்சாஸ் அளவில் ஒரு வாரா 33⅓ அங்குலம். ஆக ஒரு லெகுவா சுமார் 2.63 மைல். ஆனால் குதிரையில் போனவர் சங்கிலி பிடித்து அளக்கவில்லை, நேரத்தை வைத்துக் கணித்தார் என்பதால், கரடுமுரடான நிலத்தில் அந்த எண் நேர்கோட்டுத் தூரத்தைவிட மிகையாகவே இருக்கும். ஆற்றின் பெயர்களிலும் கவனம் தேவை. மிராண்டா காலத்தில் லானோவுக்குச் சானாஸ் என்று பெயர். பிராசோஸ், கொலராடோ என்ற பெயர்களே ஸ்பானியர் காலத்தில் ஒன்றுக்கொன்று மாறிப் புழங்கியிருக்கின்றன. காந்த ஊசி காட்டும் வடக்கும் நிலையானதன்று. 19-ஆம் நூற்றாண்டில் நடு டெக்சாஸில் அளந்தவர்கள் 9, 10 பாகை கிழக்கு விலக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அது 4 பாகை அளவில்தான். திருத்தாமல் நடந்தால் பத்து மைல் போவதற்குள் ஒரு மைல் விலகிவிடுவீர்கள்.

இப்படி ஆவணத்தின் வழியே நடந்தவர் ஹெர்பர்ட் போல்டன் என்ற வரலாற்றாசிரியர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிராண்டாவின் குறிப்புகளைப் பின்பற்றிப் போய், லானோ ஊருக்குத் தென்கிழக்கே ஹனி கிரீக் ஓடையருகே ‘போய்டு குழி’ என்று அழைக்கப்பட்ட பழைய குழியே மிராண்டா சொன்ன லாஸ் அல்மாக்ரெஸ் சுரங்கம் என்று அவர் அடையாளம் காட்டினார். அதில் செல்வம் தரும் அளவுக்கு வெள்ளி இல்லை. எனவே ‘தொலைந்த சுரங்கம்’ நூறு ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதே என் கருத்து. அது வெறுங்குழியாக இருந்ததால்தான் பலர் அதை ஏற்க மறுத்து இன்னும் தேடுகிறார்கள்.

பாறைகளும் இதையே சொல்கின்றன. மெனார்டைச் சுற்றிலும் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லில் வெள்ளி கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்ல மாட்டேன். டெக்சாஸின் மேற்கு மூலையில் ஷாஃப்டர் என்ற இடத்தில், 1880-இல் கண்டறியப்பட்டு 1942 வரை நடந்த சுரங்கம், மூன்று கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளியைச் சுண்ணாம்புக்கல்லிலிருந்துதான் எடுத்தது. ஆனால் அங்கே பூமிக்கடியிலிருந்து சூடான கனிம நீர் ஏறிவந்து கல்லுக்குள் காரீயத்தையும் வெள்ளியையும் விட்டுச்சென்றது. மெனார்டில் அப்படி நடந்ததற்கான அடையாளம் இல்லை. லானோ பகுதியில் நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட கருங்கல்லும் பளபளக்கும் தகட்டுப்பாறையும் இருப்பதால் ஆசைக்கு அங்கே சற்று இடமுண்டு. அந்தப் பளபளப்பைக் கையிலேயே சோதிக்கலாம். நகத்தால் நெம்பினால் தாள்போல் உரிந்து வந்தால் அது காக்காய்ப்பொன். பீங்கான் ஓட்டின் மெருகிடாத பின்பக்கத்தில் உரசும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தால் இரும்புத் தாது. மிராண்டாவின் செங்காவி இந்த வகைதான். கனமாக, சிறுசிறு கனசதுரங்களாக உடைந்து, ஈயச்சாம்பல் கோடு போட்டால் காரீயத் தாது. அதில் மட்டுமே வெள்ளி கலந்திருக்க வாய்ப்புண்டு. எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் உருக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தோண்டலாமா என்ற கேள்விக்குப் பதில், உரிமையாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் கூடாது என்பதே. மேற்கு மாநிலங்களில் கூட்டரசு நிலத்தில் குச்சி நட்டு உரிமை கோரும் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் டெக்சாஸில் உதவாது. 1845-இல் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபோது டெக்சாஸ் தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொண்டது. இன்று பெரும்பகுதி தனியார் நிலம். மேல்நிலத்தின் உரிமையாளர் ஒருவராகவும் கனிம உரிமை பெற்றவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதால், மாவட்டப் பதிவு அலுவலகத்தில் இரண்டையும் பாருங்கள். மெனார்டுக் கோட்டை இடிபாடுகளில் கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். பழைய குழி எதிலும் இறங்காதீர்கள். கெட்ட காற்று மணமில்லாமலே கொல்லும், உளுத்த விளிம்பு எச்சரிக்காமல் சரியும்.

உங்கள் ஆர்வத்தை அடக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 1758-இல் எரிந்த அந்த மிஷன் இருந்த இடமே நீண்டகாலம் தெரியாமல் கிடந்தது. 1993-இல் மெனார்டுக்குக் கிழக்கே ஓர் உழுத வயலில், ஸ்பானியப் பானை ஓடுகளையும் எரிந்த சுவர்ப்பூச்சுத் துண்டுகளையும் வைத்து அதைக் கண்டறிந்தார்கள். காப்பகத்தில் தொடங்கி வயலில் முடிந்த தேடல் அது. நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். முதலில் உங்கள் நகலை நில அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அதன் அச்சான ஆண்டை உறுதிசெய்துகொண்டு, அதே பகுதியின் முதல் நில அளவைக் குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். ஓடை, மரம், பாறை என்று கண்ணால் கண்டதை எழுதிய அந்த அளவையாளர்கள், வழியில் ‘பழைய குழி’ ஒன்றைத் தாண்டியிருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவைத்திருப்பார்கள்.