சாகிற செல்லைப் படிப்பது

வணக்கமுங்க,

கோபி பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறோம். மகள் வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மூளையின் ஸ்டெம்செல்கள், அதாவது புது செல்களைப் பெற்றெடுக்கும் மூலச் செல்கள், எப்படிச் சாகின்றன என்பது ஆராய்ச்சியாம். விசேஷத்துக்குப் போனால் என்ன படிப்பு என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாவதைப் படித்து என்னங்க ஆகப்போகிறது?

இன்னொன்று. அம்மாவுக்குப் போன வருசம் பக்கவாதம் வந்து, வலது கை இன்னும் சரியாக வரவில்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டால் மூளை திரும்ப வளரும் என்று ஓரிடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். "அதைத்தான படிக்குது, அதுவே வேண்டாங்குதா?" என்று பங்காளிகள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தை உங்கள் புழு மனையிலிருந்தே சொல்லலாம்.

கூடு கட்டப்போகும் புழுவின் உடம்பை அடைத்துக்கொண்டு கிடப்பது பட்டுச் சுரப்பி. நூல் முழுவதையும் விட்டுவிட்டு உள்ளே கூட்டுப்புழு ஆனதும் அந்தச் சுரப்பி இல்லாமல் போய்விடும். நோய் வந்து அழுகுவதில்லை. எக்டைசோன் என்ற ஹார்மோன் ஏறியதும் சுரப்பியின் செல்கள் தங்களைத் தாங்களே கலைத்துக்கொள்கின்றன. பூச்சி வெளிவருமுன் கூட்டை விற்றுவிடுவதால் நீங்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வெளியே வந்த பூச்சியிலும் இதே கதைதான். கூட்டை முட்டிக்கொண்டு வரப் பயன்பட்ட வயிற்றுத் தசைகள் ஓரிரு நாளில் கரைந்துவிடும். 1960களில் ரிச்சர்ட் லாக்‌ஷின், கரோல் வில்லியம்ஸ் இருவரும் வேறொரு வகைப் பட்டுப்பூச்சியின் அந்தத் தசைகளைப் பார்த்துத்தான், செல்லின் சாவு திட்டப்படி நடக்கிற வேலை என்று எழுதினார்கள். அதனால் உறவுக்காரர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், மகள் படிப்பது நம் தொழிலோடு ஒட்டிய படிப்பு என்று.

நம் மூளையும் அப்படித்தான் உருவாகிறது. கருவில் தேவைக்கு அதிகமாக நரம்பு செல்கள் பிறக்கும். பல பகுதிகளில் பாதியளவு செத்துப்போகும். சாகாவிட்டால்? 1996-ல், சாவை நடத்துகிற காஸ்பேஸ்-3 என்ற புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். வேண்டாத செல்கள் தங்கி, மூளை தாறுமாறாகப் பெருத்துவிட்டது. எலிகள் வெகுநாள் பிழைக்கவில்லை. ஆகவே சாவை மொத்தமாக நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புற்றுநோயே, சாக மறுத்த செல்களின் வேலைதானே.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்த எலியின் மூளையில் ஸ்டெம்செல்கள் இருப்பது 1992-லேயே தெரியும். மனிதருக்கு வயதான பிறகும் புது நரம்பு செல் பிறக்கிறதா என்பதில் 1998-ல் ஆமாம் என்றார்கள், 2018-ல் இல்லை என்று ஒரு குழு சொன்னது, சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2002-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆய்வாளர்கள் கண்டது. எலிக்குப் பக்கவாதம் வரவழைத்தார்கள். மூளை தானாகவே புது செல்களைப் பெற்று, அடிபட்ட இடத்துக்கு அனுப்பியது! ஆனால் அதில் 80 சதவீதத்துக்கு மேல் சில வாரங்களில் செத்துவிட்டன. பறிபோன செல்களில் ஈடானது ஒரு சதவீதம்கூட இல்லை.

பிறப்பதில் பெரிய சிக்கல் இல்லை, பிழைப்பதில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து செலுத்துகிற செல்களுக்கும் அதே கதிதான், பெரும்பாலானவை தங்குவதில்லை. ஏன் சாகின்றன, எந்தச் சாவைத் தடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் ஊசி போட்டு என்ன பயன்? உங்கள் மகள் அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வேண்டாம் என்பது படிப்பை நம்பாததால் இல்லை, படித்ததால்.

இதில் முன்னேற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு, ஸ்டெம்செல்லிலிருந்து வளர்த்த செல்களை மூளைக்குள் வைத்த சோதனையை ஜப்பானின் கியோட்டோ குழு 2025-ல் வெளியிட்டது. ஏழே நோயாளிகள், இரண்டு வருடக் கண்காணிப்பு. ஒழுங்கான ஆராய்ச்சி இப்படித்தான் நிதானமாக நகரும்.

உங்களிடம் பணம் கேட்கிறவர்கள் போடப்போவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை செல்களாக இருக்கும். அவை மூளையின் ஸ்டெம்செல்கள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சையெல்லாம் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். எண் தராமல் பணத்தைப் பற்றியே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை வைத்து, வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். டம்ளரைப் பிடிப்பது, பட்டன் போடுவது என்று வலது கைக்குத் தினமும் வேலை கொடுத்தால் இப்போதும் முன்னேற்றம் வரலாம். அப்புறம், இரண்டாவது முறை வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பிபி மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள்.