துருவ நிலையத்தில் ஓட்டப்பந்தயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்க்டிகாவின் மக்மர்டோ ஆய்வு நிலையத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அங்கே பணிபுரிபவர்கள் குன்றேறுவதும் மாரத்தான் ஓடுவதும் உண்டு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அந்தக் குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடாதா? உயிருக்கே உத்தரவாதமில்லாத இடத்தில் இது வீண் சாகசம் அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

நுரையீரல் உறையாது. உள்ளிழுக்கும் காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றைக் கடக்கும்போதே சூடாகிவிடுகிறது. ஆனால் வறண்ட குளிர்காற்றை வேகவேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய் சுருங்கி இருமல் வரலாம்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கடுமையாகும்.

அங்கே ஓடுபவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது வியர்வைக்கு. ஓடிக்கொண்டிருக்கும்வரை உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கால் பிசகி நிற்க நேர்ந்தாலோ, நனைந்த உள்ளாடை அந்த வெப்பத்தை வெகு விரைவில் உறிஞ்சிவிடும். அதனால்தான் புறப்படும்போது சற்றே குளிரும்படி உடுத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். மூக்குவரை இழுத்துவிட்ட கழுத்துத்துணி மூச்சின் ஈரம் பட்டு அட்டைபோல் விறைத்துப்போகும். உலர்ந்த பக்கம் வாய்க்கு நேரே வரும்படி அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே ஓட வேண்டும். மூடுகண்ணாடி மங்குகிறதே என்று கழற்றினால் இமைமயிரில் உறைபனி படியும்.

சாகசமா என்று கேட்கிறீர்கள். நிலையத்தை ஒட்டியுள்ள அப்சர்வேஷன் குன்றின் உயரம் சுமார் 230 மீட்டர்தான். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்த ஸ்காட் குழுவினரின் நினைவாக 1913இல் நட்ட சிலுவை உச்சியில் நிற்கிறது. வேலை முடிந்ததும் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் காசில் ராக் பாறையைச் சுற்றிவரும் நீண்ட பாதைக்குத் தனியாகப் போக முடியாது. தீயணைப்பு நிலையத்தில் பெயரையும் திரும்பும் நேரத்தையும் பதிந்து, வானொலிக் கருவியுடன், கொடி நட்ட தடத்தைவிட்டு விலகாமல் போக வேண்டும். கறுப்புக் கொடி என்றால் பனிப்பிளவு. வழியில் ஒதுங்குவதற்குச் சிவப்பு நிறத்தில் உருண்டையான குடில்கள் உண்டு. சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடுதல் தொடங்கிவிடும். வானிலை, மிகக் கடுமையானதைக் குறிக்கும் ‘முதல் நிலை’க்கு மோசமானால் கட்டடத்தைவிட்டே வெளியேற முடியாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டு நடப்பவரைச் சாகசக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாரத்தான் நடப்பது ஜனவரியில், பனித்தட்டின் மீது சமன்செய்த பாதையில். அப்போது வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். குளிரைவிட, இளகிய பனியில் கால் புதைவதே பெரும்பாடு. 2,835 மீட்டர் உயரத்திலுள்ள தென்துருவ நிலையத்தில் கிறிஸ்துமஸையொட்டி நடக்கும் ஓட்டம் சில கிலோமீட்டர்தான் என்றாலும், காற்றழுத்தம் குறைவு என்பதால் மூச்சு சீக்கிரமே வாங்கும். துருவப் புள்ளியைச் சுற்றுவதால் எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்து ‘உலகைச் சுற்றி வந்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம்! சிலர் வேடம் புனைந்து நடந்தே வருவார்கள், சிலர் வண்டியில்.

நீங்கள் சொல்லும் வீண் சாகசம் ஒன்று அங்கே இல்லாமலில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 73 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் நாளில், 93 டிகிரி சூடேற்றிய ‘சானா’ வெப்ப அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலணி தவிர வேறு உடையில்லாமல் துருவக் கம்பம்வரை போய்த் திரும்புவது. ஃபாரன்ஹீட் அளவில் அவை மைனஸ் 100, 200; இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 300 டிகிரி என்பதால் அது ‘300 கிளப்’. அதற்காக நான் வாதாடப்போவதில்லை. அதிலும்கூட, மூச்சு இரைக்கக் கூடாது என்பதால், விவரம் அறிந்தவர்கள் ஓடாமல் நடந்தே போகிறார்கள்.